பதம் பார்த்துக் கை வை

ஜப்பானியக் கைவனைவு பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

திருச்சி: சக்கரத்தில் வனையத் தெரியாதவர்கள்தானே கையால் பிடித்துப் பிடித்துச் செய்கிறார்கள்? அதைப் போய் ஒரு கலையாகக் கற்க வேண்டுமா?

கியோட்டோவில் ராக்கு குடும்பத்தார் பதினாறு தலைமுறையாக அப்படிப் 'பிடித்துப் பிடித்து'த்தான் செய்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவுக்காக சோஜிரோ என்ற கைவினைஞர் கிண்ணங்கள் செய்தார். ஜப்பானில் அப்போது சக்கரம் நூற்றாண்டுகளாகச் சுழன்றுகொண்டிருந்தது. தெரிந்தே அதை விட்டுவிட்டுக் கையால் வனைந்தார்.

மண்ணை வட்டமாகத் தட்டி, ஓரத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே மெல்ல மெல்ல நிமிர்த்துவார்கள். சுவர் தடிப்பாக இருக்கும். சற்று இறுகியதும் உள்ளும் புறமும் கத்தியால் செதுக்கி எடுப்பார்கள். அதனால் கிண்ணத்தின் உட்புறம், ஏந்திய இரண்டு கைகளின் வடிவத்திலேயே அமைந்துவிடுகிறது. அந்தத் தடித்த, நுண்துளை நிறைந்த சுவர் சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும். கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் சூடான தேநீரை இரு கையாலும் ஏந்திக் குடிக்க முடிவது அதனால்தான். சக்கரத்தில் வனைந்த மெல்லிய கிண்ணத்தை அப்படிப் பிடித்துப் பாருங்கள், விரல் சொல்லும்.

புதுக்கோட்டை: நம் ஊரில் கையால் செய்பவர்களே இல்லையா? இதற்கும் ஜப்பானா?

உங்கள் மாவட்டத்து அய்யனார் கோயில் குதிரைகள் எப்படி நிற்கின்றன என்று நினைக்கிறீர்கள்? கால், வயிறு, கழுத்து எல்லாம் உள்ளே கூடாக, கையால் எழுப்பியவை. வேளார் வீடுகளில் அந்த வித்தை இன்னும் இருக்கிறது.

இன்னொரு சேதியும் கேளுங்கள். ஜப்பானில் கராட்சு என்ற ஊரின் பழைய பாண்டங்களில் ஒரு வகை, மண் கயிறுகளை அடுக்கி எழுப்பி, உள்ளே ஒரு தாங்கியைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டிச் சுவரை மெலிய வைத்தது. நகசாத்தோ முவான் என்ற கலைஞர் பழைய சூளைகளைத் தோண்டி, உடைந்த சில்லுகளை ஆராய்ந்து, அந்த முறையை 20-ஆம் நூற்றாண்டில் மீட்டார். 1976-இல் அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று ஜப்பான் அரசு மதித்தது. உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டிப் பானைக்கு அடி மூடும் நம் குயவரைப் பாருங்கள். அங்கே சில்லுகளிலிருந்து மீட்க வேண்டியிருந்தது இங்கே அறுபடவே இல்லை. அவர்களுக்கு நம் அரசுகள் என்ன பட்டம் கொடுத்தன என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வியில் நானும் உங்கள் பக்கம்.

ஜப்பானிடம் கற்க வேண்டியது, இந்த முறைகள் ஒவ்வொன்றையும் பிரித்து, பெயரிட்டு, படிப்படியாகச் சொல்லித்தரும் ஒழுங்கு. யார் வீட்டில் பிறந்தவரும் கற்கலாம் என்ற கதவு அதனால்தான் திறக்கிறது.

கோயம்புத்தூர்: எந்த மண் வாங்குவது? ஷிகராகி மண் கிடைக்குமா?

உங்களுக்கு அருகில் பானை செய்பவரிடம் கிடைக்கும் மண்ணே முதல் மண். ஜப்பானின் ஷிகராகி ஊர் மண்ணில் வெள்ளைக் கற்துகள் கலந்திருக்கும், தடிப்பான பெரிய சாடிக்குத் தாங்கும். நம் ஊர்ச் செம்மண் களிக்கு அந்தத் தாங்கும் பலம் வேண்டுமென்றால், சுட்ட ஓட்டைப் பொடித்துச் சலித்துச் சேருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஜப்பானியக் கற்பாண்டங்களை 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுகிறார்கள் என்று நம் செம்மண் பாண்டத்தையும் அந்தச் சூட்டில் வைத்தால் குழைந்து உட்கார்ந்துவிடும். நம் மண்ணுக்கு 1,000 டிகிரியை ஒட்டிய சூடு போதும்.

மதுரை: மண் பிசைவதற்கே மூன்று வருஷம் என்கிறார்களே, உண்மையா?

பட்டறையில் சேர்ந்த பையனுக்குச் சொல்லும் பழமொழி அது. வாரம் இரண்டு மாலை பழகுகிற உங்களுக்கு அவ்வளவு ஆகாது. ஆனால் பிசைவதைத் தாண்டிப் போகவும் முடியாது. ஜப்பானில் முதலில் அழுத்திப் பிசைந்து ஈரத்தைச் சமப்படுத்துவார்கள். பிறகு 'கிகுனெரி' வரும். மண்ணை ஒரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி அழுத்த, அது சாமந்திப் பூவின் இதழ் அடுக்குபோல் விரியும். உள்ளே இருக்கும் காற்று அந்த மடிப்புகளின் வழியே வெளியேறும். சப்பாத்தி மாவு பிசைகிற கை சும்மா இருந்தாலே மடித்து மூடும். மண்ணில் அந்தப் பழக்கம் வந்தால் காற்றை உள்ளே வைத்துத் தைத்ததாகிவிடும். பிசைந்த கட்டியைக் கம்பியால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் ஓட்டை தெரிந்தால் திரும்பவும் பிசைய வேண்டும்.

சேலம்: மண் கயிறு திரித்து அடுக்கி ஒரு ஜாடி செய்தேன். காய்ந்ததும் அடுக்கடுக்காகப் பிளந்துவிட்டது. ஏன்?

அடுக்கியிருக்கிறீர்கள், இணைக்கவில்லை.

ஒவ்வொரு கயிற்றை வைத்ததும், உட்புறம் விரலால் மேலிருந்து கீழே இழுத்துக் கீழ்க்கயிற்றோடு தேய்த்துவிட வேண்டும், வெளிப்புறமும் அப்படியே. கயிற்றின் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறையும்வரை தேய்க்க வேண்டும். கீழே இருக்கும் விளிம்பு காய ஆரம்பித்திருந்தால் தேய்த்தும் பயனில்லை. முள்ளாலோ பழைய சீப்பாலோ கீறி, அதே மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி, அதன்மேல் புதுக்கயிற்றை வையுங்கள். அந்தக் கூழை 'தொபெ' என்பார்கள். கடையில் வாங்கும் பசை எதுவும் அதற்கு ஈடாகாது, சூளையில் எரிந்துபோகும்.

இன்னொரு காரணம் அவசரம். மூன்று நான்கு சுற்று ஏற்றியதும் நிறுத்துங்கள். கீழ்ப்பகுதி மேலே வருவதைச் சுமக்கும் அளவு இறுக வேண்டும், விளிம்பு மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். விளிம்பின்மேல் ஈரத்துணி போட்டு வைத்தால் இரண்டும் நடக்கும். தொகொனாமெ ஊரில் ஆள் உயரத்தை நெருங்கும் சாடிகளை இப்படித்தான் எழுப்பினார்கள். தடித்த மண் கயிற்றைக் கையில் தாங்கிக்கொண்டு, நிற்கும் சாடியைச் சுற்றிச் சுற்றி ஆள் நடப்பார். ஒரு பட்டை எழுப்பி, இறுக விட்டு, அடுத்த பட்டை. அதற்குள் பக்கத்துச் சாடி தயாராக இருக்கும். கை ஓய்வதில்லை, மண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது.

சேலம் வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்தீர்களா? அப்படியென்றால் மூன்றாவது காரணமும் அதுதான்.

ராமேஸ்வரம்: பானைமேல் கயிற்றுத் தடம் பதிக்கும் அலங்காரம் ஜப்பானில் மிகப் பழையது என்று படித்தேன். அதை இன்று யாராவது செய்கிறார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1877-இல் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ், டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஓமோரி என்ற இடத்துச் சிப்பி மேட்டைத் தோண்டினார். கிடைத்த ஓடுகளில் கயிற்றுத் தடம். 'ஜோமோன்' என்ற பெயர் அந்தத் தடத்திலிருந்து வந்தது. ஜப்பானின் மிகப் பழைய பானை ஓடுகளுக்கு வயது 16,000 ஆண்டுக்கும் மேல். உழவு வருவதற்கு முன்பே பானை வந்துவிட்டது. எல்லாம் கையால் எழுப்பி, திறந்த நெருப்பில் சுட்டவை. நீகாதா பகுதியில் கிடைத்த, விளிம்பு முழுதும் தீ நாக்குகளாக எழும் பானைகளைப் படத்திலாவது பாருங்கள். சக்கரம் அந்த விளிம்பைத் தந்திருக்கவே முடியாது.

இனி நீங்கள் கேட்டது. ஷிமவோகா தத்சுசோ 1919-இல் டோக்கியோவில் பிறந்தவர். தந்தை பட்டுக் கயிறு பின்னுபவர். மகன் மாஷிகோ ஊருக்குப் போய் ஹமாதா ஷோஜியிடம் மட்பாண்டம் கற்றார். ஹமாதாவின் கை பலமான கை, அதன் நிழலில் இருப்பவருக்குத் தனி முகம் கிடைப்பது கடினம். ஷிமவோகா தந்தையின் கயிற்றை எடுத்தார். ஈரப் பானைமேல் அதை உருட்டி, பதிந்த பள்ளங்களில் வெள்ளைக் களிமண் குழம்பை நிரப்பி, இறுகியதும் மேற்பரப்பைச் சுரண்டினார். பள்ளத்தில் நின்ற வெள்ளை மட்டும் கயிறாகத் தெரிந்தது. ஆதிகாலத் தடமும், கொரியாவிலிருந்து வந்த பதிப்பு வேலையும், தந்தையின் தொழிலும் ஒரே பானையில் சேர்ந்தன. 1996-இல் 'வாழும் தேசியச் செல்வம்' ஆனார். 2007-இல் மறைந்தார்.

செய்து பார்க்க ஆசையா? ராமேஸ்வரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குக் கயிற்றுக்கா பஞ்சம்! நைலான் வேண்டாம், வழுக்கும். பருத்தியிலோ தேங்காய் நாரிலோ முறுக்கிய கயிறு எடுங்கள். மெல்லிய குச்சியில் சுற்றி உருட்டினால் தடம் வேறு மாதிரி விழும். அதையும் ஜோமோன் மக்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தஞ்சாவூர்: பானை செய்து முடித்துக் காய வைத்த பிறகு அலங்காரம் செய்யலாம்தானே?

பெரும்பாலான அலங்காரங்களுக்கு அதற்குள் நேரம் போயிருக்கும். என்னைக் கேட்டால் ஜப்பானிய அலங்கார முறைகளை ஈரத்தின் கணக்காகத்தான் கற்க வேண்டும். கயிறு உருட்டவும் முத்திரை பதிக்கவும் மண் மென்மையாக இருக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. இன்னும் கொஞ்சம் இறுகி, விரல் படியாமல் நகம் மட்டும் படியும் பதம் வந்தால், அது பொன்னான நேரம். வெள்ளைக் குழம்பை முரட்டுத் தூரிகையால் இழுக்கும் 'ஹகெமெ', முழுப் பாண்டத்தையும் குழம்பில் முக்கியெடுக்கும் 'கொஹிகி', பாண்டத்தில் பட்டை பட்டையாக முகம் சீவுவது, வரி வரியாக வழிப்பது எல்லாம் அப்போதுதான். முக்கியெடுக்கும்போது மண் ஈரமாக இருந்தால் குழம்பின் நீரையும் குடித்துச் சரிந்துவிடும். காய்ந்திருந்தால் குழம்பு பட்ட இடம் ஊதி வெடிக்கும், இல்லையென்றால் பிறகு செதில் செதிலாக உரியும்.

குழம்பு பூசியதும் கீறித் தோண்டிக் கீழ்மண்ணின் நிறத்தைக் காட்டும் 'ககிஒதொஷி' வேலைக்கு, பூச்சின் நீர்ப்பளபளப்பு அடங்கும்வரை பொறுக்க வேண்டும். முந்தினால் கோட்டின் ஓரம் பிசிறும், பிந்தினால் பொரியும். பள்ளத்தில் நிறம் நிரப்பும் 'மிஷிமா' வேலைக்கு இன்னும் நிதானம் தேவை. நிரப்பிய குழம்பு காயக் காயச் சுருங்கும், ஆகவே இரண்டு மூன்று முறை நிரப்பி, நன்றாக இறுகிய பிறகே சுரண்ட வேண்டும். இரும்புச் சாந்தால் பூவும் புல்லும் வரைகிற தூரிகை வேலை ஒன்றுதான் ஒருமுறை சுட்டபின் நிதானமாக உட்கார்ந்து செய்ய ஏற்றது.

அதனால் தஞ்சாவூர் வாசகரே, பானை தொடங்கும் முன்பே அலங்காரம் என்னவென்று முடிவு செய்யுங்கள். மண் உங்களுக்காகக் காத்திருக்காது.

வேலூர்: ஹகெமெ, மிஷிமா இதெல்லாம் உண்மையில் கொரியக் கலை என்கிறார் நண்பர். சரியா?

நண்பர் சொல்வது சரி. ஜோசொன் காலக் கொரியாவின் வெள்ளைக் குழம்புப் பாண்டங்களை ஜப்பானியத் தேநீர் ஆசான்கள் உயிராக மதித்தார்கள். 1592 முதல் 1598 வரை ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கொரியாமேல் படையெடுத்தபோது, திரும்பிய பிரபுக்கள் குயவர்களைக் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள். கராட்சு, ஹாகி, சட்சுமா, அரிடா என்று ஜப்பான் பெருமைப்படும் ஊர்களின் அடித்தளத்தில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. தூரிகைக் கோட்டின் அழகைச் சொல்லித்தருகிற எவரும் இதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கடல் கடந்து கொண்டுபோகப்பட்டவர்களின் கை அது.

சென்னை: ராக்கு என்றால் பழுக்கக் காய்ந்த பானையை மரத்தூளில் போட்டுப் புகை மூட்டுவதுதானே? வீடியோவில் பார்த்தேன்.

நீங்கள் பார்த்தது அமெரிக்க ராக்கு. 1911-இல் பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயர் டோக்கியோவில் ஒரு விருந்துக்குப் போனார். விருந்தினர்கள் கிண்ணத்தில் வரைந்து கொடுக்க, அங்கேயே சுட்டுத் தந்தார்கள். அந்த மாலை அவரைக் குயவராக்கியது. பிறகு அவர் எழுதிய புத்தகத்தைப் படித்து, 1960-இல் பால் சோல்ட்னர் கலிபோர்னியாவில் முயன்று பார்த்தார். சுட்ட பாண்டத்தை இலைச் சருகில் போட்டுப் பார்த்தது அவருடைய சேர்க்கை.

கியோட்டோவில் கறுப்பு ராக்குக் கிண்ணத்தை ஒவ்வொன்றாக, சிறு கரி உலையில் சுடுவார்கள். மேற்பூச்சுக்குக் காமோ ஆற்றுக் கல்லை அரைப்பார்கள். தகதகக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுக்க, சட்டென்று ஆறிக் கறுக்கும். இடுக்கி பிடித்த தடத்தை அழிப்பதில்லை. புகைக்கும் சருகுக்கும் அங்கே வேலை இல்லை. இரண்டுமே அழகுதான். எதைச் செய்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள். புகை மூட்டிய பாண்டத்தில் மட்டும் சாப்பாடு வைக்காதீர்கள். நுண்துளை நிறைந்தது, பூச்சும் விரிசல் விட்டிருக்கும்.

நாகர்கோவில்: கோணலாகச் செய்துவிட்டு 'ஜப்பானிய அழகு' என்று சொல்லிக்கொள்ளலாமா?

கூடாது. அந்தக் கோணல் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், அடிக்கால் நேராக உட்காரும், விளிம்பு உதட்டில் இடறாது, மூங்கில் கடைகோல் சுழல உள்ளே இடம் இருக்கும், கடைசிச் சொட்டுத் தேநீர் தேங்க நடுவில் சிறு குழியும் இருக்கும். இத்தனையும் சரியாக அமைந்த பிறகு மிஞ்சுகிற கோணல் அது. முதலில் ஆடாத கிண்ணம் ஒன்று செய்யுங்கள்.

திருவாரூர்: எங்கள் ஊரில் வைக்கோலுக்குக் குறைவில்லை. மட்பாண்டத்தில் அதற்கு ஏதாவது வேலை உண்டா?

நிறைய. பிசென் ஊரில் மேற்பூச்சே பூசாமல் பத்து நாளுக்கும் மேல் விறகில் சுடுவார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் பாண்டங்களுக்கு இடையே வைக்கோல் வைப்பது வழக்கம். வைக்கோலில் இருக்கும் பொட்டாசியம், மண்ணின் இரும்போடு சேர்ந்து, அது பட்ட இடமெல்லாம் செந்நிறக் கோடாகப் பதிந்துவிடும். அதற்கு 'ஹிதசுகி' என்று பெயர். தேவைக்கு வைத்தது அலங்காரமாகிவிட்டது. வைக்கோல் சாம்பலிலும் உமிச் சாம்பலிலும் மணற்சத்து அதிகம். மற்றச் சாம்பலோடும் கற்பொடியோடும் சேர்த்து அரைத்தால் பால்போல வெண்மை ஓடும் மேற்பூச்சு கிடைக்கும். ஹமாதா அதை அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறார். பெரிய தட்டில் அகப்பையால் பூச்சை வீசி ஓட்டுவார். பதினைந்து நொடிதானே ஆயிற்று என்று ஒருவர் கேட்டபோது, அறுபது வருஷமும் பதினைந்து நொடியும் என்றாராம்.

ஈரோடு: இரண்டு நிற மண்ணைச் சேர்த்து நெய்த துணிபோலச் செய்கிறார்களே, அது என்ன?

'நெரிகொமி'. நிற மண்களை அடுக்கி, ஒட்டி, வெட்டி, திரும்ப அடுக்கி, தகடாக அறுத்து அச்சில் படிய வைப்பது. கசாமா ஊரில் கோயில் தலைமைத் துறவியாக இருந்த மட்சுய் கோசெய் இதில் கரைகண்டவர். 1993-இல் 'வாழும் தேசியச் செல்வம்' என்ற மதிப்பு அவருக்கு வந்தது. தொடங்குபவருக்கு ஒரே ஒரு விதி: ஒரே மண்ணை எடுத்து, பாதியில் நிறக்கலவை சேருங்கள். வேறு வேறு மண் என்றால் வேறு வேறு அளவில் சுருங்கி, உங்கள் துணி நெசவு பிரிந்துபோகும்.

திண்டுக்கல்: சூளையில் பானை வெடிக்கிறது. உள்ளே காற்று இருந்ததாலா?

ஈரம் இருந்ததால். காற்றுக்குமிழைச் சுற்றியுள்ள மண்ணும் காய்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். தண்ணீர் 100 டிகிரியில் நீராவியாகி வழி தேடும்போதுதான் சுவர் பிளக்கிறது. கையால் செய்த பாண்டத்தில் அடி தடிப்பாக இருக்கும், விளிம்பு காய்ந்ததை நம்பாதீர்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பெங்களூர்: உடைந்த கிண்ணத்தைப் பொன்னால் ஒட்டும் 'கின்சுகி' கற்க ஆசை. எளிதா?

பொன் கடைசியில் தூவும் பொடிதான். ஒட்டுவது 'உருஷி' மரத்தின் பால். அது காய உலர்ந்த காற்று உதவாது, ஈரக்காற்று வேண்டும். பெட்டிக்குள் ஈரத்தோடு வைத்து, அடுக்கடுக்காகப் பூச வாரக்கணக்கில் ஆகும். எச்சரிக்கை: உருஷி, சேராங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மேலே பட்டால் தோல் தடித்துக் கொப்பளிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இரசாயனப் பசையும் பொன்னிறத் தூளும் கலந்து ஐந்து நிமிடத்தில் ஒட்டும் பொட்டலங்கள் கிடைக்கின்றன. அலமாரியில் வைக்கும் பொருளுக்கு அவை போதும், அதில் சாப்பிட வேண்டாம்.

கடலூர்: பக்கத்தில் எங்கே கற்கலாம்?

உங்களுக்குப் பக்கத்தில் புதுச்சேரி. ஜப்பானில் மட்பாண்டம் பயின்ற டெபோரா ஸ்மித்தும், ரே மீக்கரும் 1971-இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்ற பலர் புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்தில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். நேரில் போய்க் கேளுங்கள். கையில் மண் படாமல் கற்றுத்தரும் இடத்தைத் தவிருங்கள்.

விருதுநகர்: அக்கா, என் மகளுக்கு ஏழு வயது. எதிலிருந்து தொடங்கலாம்?

எலுமிச்சை அளவு மண் உருண்டை. இடது கையில் வைத்து, வலது கட்டை விரலை நடுவில் இறக்கச் சொல்லுங்கள், அடியில் விரல் தடிமன் மண் விட்டு நிறுத்த வேண்டும். பிறகு கட்டை விரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே, அடியிலிருந்து சுற்றிச் சுற்றிக் கிள்ளி மேலே வர வேண்டும். விளிம்பை முதலில் கிள்ளினால் விரிந்து தட்டாகிவிடும், அதைக் கடைசிக்கு வைக்கட்டும். விளிம்பு வெடித்தால் ஈரவிரலால் ஒரு தடவு போதும், தண்ணீரில் முக்க வேண்டாம். சற்று இறுகியதும் நூல்கண்டோ சோளக்கதிரோ எதையாவது உருட்டித் தடம் பதிக்கட்டும்.

காய்ந்த மண்ணை மட்டும் சுரண்டவோ தேய்க்கவோ விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மேசையையும் தரையையும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.